மூன்றாவது ரவுண்டின் கடைசி நாற்பது நொடிகள்

பதினேழு சண்டை, பதினேழும் வெற்றி, இதற்குமேல் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று எதிர் இருக்கை இளைஞன் சொன்னது காதில் விழுந்தபோது சற்குணம் கண்ணைத் திறக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்ததுமே கண்ணை மூடிக்கொள்வது அவருக்குப் பழக்கம். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி மருந்து மொத்தக் கடைக்கு நடக்கும்வரை உலகம் அவரை விட்டுவிட வேண்டும். வண்டலூரில் இரண்டு பேர் ஏறி எதிரே உட்கார்ந்ததை முழங்கால் இடிபட்டதில் அறிந்திருந்தார். ஒரு பையன், ஒரு பெண், ஒரே அலுவலகம் போலிருந்தது; அவளை ஷிஃபானா என்று இவன் கூப்பிட்டான், இவனைத் தினா என்று அவள். கம்பெனி கதை பேசுவார்கள், மேனேஜரைத் திட்டுவார்கள், தூங்கிவிடலாம் என்று நினைத்தவருக்குப் பதினேழு என்ற எண் கொசு மாதிரி காதுக்குள் போய்விட்டது. பதினேழுக்குப் பதினேழு. இந்தத் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு ஒரே ஒருவனுடையது. ஜெர்வின். தூத்துக்குடி ஜெர்வின். கண்ணை மூடியபடியே சற்குணத்துக்குக் கழுத்துப் பின்புறம் வியர்த்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பவில்லை. எந்த நாளும் திரும்பியதில்லை.

அவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலப்புத் தற்காப்புச் சண்டை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள், ஆடுகிறவர்கள் எம்.எம்.ஏ. என்பார்கள், சற்குணத்தின் மனைவி தமயந்தி கூண்டுக்குள் அடித்துக்கொள்வது என்பாள். அதில் இதுவரை வந்தவர்களில் யார் பெரியவன் என்று தினா தன் யூடியூப் சேனலுக்குப் பத்துப் பேரை வரிசைப்படுத்துகிறான். முதல் இடம் ஜெர்வின். ஷிஃபானா ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தக் கணக்கைப் பார்க்காதே, ஒருத்தன் தன் உச்சத்தில் எப்படி இருந்தான் என்று பார், எதிரே நின்றவனும் அப்போது உச்சத்தில் இருந்தானா என்று பார் என்றாள். சற்குணம் இமை இடுக்கில் அவளைப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தாள். ஆக, வெறும் பேச்சு இல்லை, எங்கேயோ பயிற்சிக்குப் போகிறவள். விஷயம் தெரிந்தவள் பேசுகிறாள் என்றதும் ஒரு நிமிடம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த வார்த்தையில் அது போயிற்று. ஜெர்வின் ஜெயித்தவர்களில் பாதிப் பேர் ஓய்ந்துபோனவர்கள் என்றாள் அவள். பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "அந்த மேட்டூர் மாதேஷைப் பாரு. முப்பத்திமூணு வயசு, பதினொண்ணு வெற்றி, எட்டுத் தோல்வி. அவரை ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றாள்.

பதினொன்றுக்கு எட்டு. அந்த எட்டில் ஒன்று என்னுடையது என்று சற்குணம் நினைத்தார். என்னுடையது என்றால், என் பென்சிலுடையது. அதற்குப் பிறகு வந்த இரண்டும் என்னுடையவையே, ஏனென்றால் அன்றைக்குத் தோற்றதால்தான் போட்டி நடத்திய லீக் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை, கூப்பிடாததால்தான் அவன் சேலத்துப் பக்கம் கல்யாண மண்டபங்களில் நடந்த சில்லறைப் போட்டிகளில் போய் நின்றான், சரியான தூக்கமில்லாமல், பால் வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்து நின்றான், தோற்றான். பதினொன்றுக்கு ஐந்தாக வந்தவனைப் பதினொன்றுக்கு எட்டாக அனுப்பிவைத்தது யார்? சண்டையைப் பார்த்துப் புள்ளி போட உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவர் மாதேஷுக்குப் போட்டார். ஒருவர் ஜெர்வினுக்குப் போட்டார். மீதி இருந்தது சற்குணம். பெருங்களத்தூர் வந்தது. யாரோ பெரிய பையைத் தலைக்கு மேல் ஏற்ற, அதன் வார் அவர் நெற்றியில் உரசிக்கொண்டு போயிற்று. அவர் அசையவில்லை. ஓய்ந்துபோனவனாம். அன்றைக்கு அவனைப் பார்த்திருக்க வேண்டும் இந்தப் பெண். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இவளுக்கு என்ன, பத்துப் பன்னிரண்டு வயது இருக்குமா? பள்ளிக்கூட வேனில் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

அவர் பார்த்தார். கூண்டுக்கு நாலடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு. மாநில அளவில் ஜூடோ ஆடியவர் என்பதால் பிடி தெரிந்த ஆள் வேண்டும் என்று லீக்காரர்கள் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வகுப்பு எடுத்து ஜட்ஜ் ஆக்கினார்கள். ரவுண்டுக்கு ஐந்து நிமிடம், மூன்று ரவுண்டு, ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் ரவுண்டு மாதேஷுக்கு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது ஜெர்வினுக்கு. மூன்றாவதில்தான் அது நடந்தது. மாதேஷ் அப்படி அதற்கு முன்னால் ஆடியதில்லை, பின்னாலும் ஆடியதில்லை. பதினோரு வருடம் அடி வாங்கி, கற்று, மறந்து, மறுபடி கற்ற உடம்பு அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. இருபத்திரண்டு வயது ஜெர்வினும் அப்படியே. பிறகு நாலு சண்டையில் ஜெர்வினுக்கு ஜட்ஜாக உட்கார்ந்தவர் சற்குணம். அவருக்குத் தெரியும், அந்த இரவின் ஜெர்வின் திரும்ப வரவில்லை. பின்னால் வந்தவன் தோற்கக் கூடாது என்று ஆடியவன். ஆனால் உலகம் பின்னால் வந்தவனைத்தான் உச்சம் என்கிறது. தினா இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்: ஜெர்வினின் உச்சம் இருபத்தேழிலிருந்து முப்பது, மூன்று வருடம், ஏழு சண்டை, அதை எடுத்துக்கொள் என்று. எங்கிருந்துடா எடுத்தாய் இந்த மூன்று வருடத்தை என்று கேட்க வேண்டும் போல் சற்குணத்துக்கு நாக்கு துடித்தது.

கடைசி நாற்பது நொடி. எப்போது நினைத்தாலும் அவர் வந்து முட்டிக்கொள்வது ரெஃப்ரியின் முதுகில்தான். இருவரும் எதிர்ப்பக்கக் கம்பிவலையில் சாய்ந்துவிட்டார்கள், ரெஃப்ரி குறுக்கே வந்து நின்றுவிட்டார். கறுப்புச் சட்டை. தோள்பட்டைகளுக்கு நடுவே வியர்வை ஈரம், மேலே அகலமாக, கீழே போகப்போக ஒடுங்கி, சட்டை இடுப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு மடிப்பு. இன்றைக்கும் தாள் கொடுத்தால் வரைந்து காட்டுவார். தள்ளி நில்லுய்யா என்று மனசுக்குள் கத்தினார். ஜட்ஜ் கத்தக் கூடாது. திடீரென்று கூட்டம் உறுமியது. அரங்கம் முழுக்க ஜெர்வினுக்காக வந்த கூட்டம். உறுமினால் அவன் அடித்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? மணி அடித்தது. அட்டையில் ஜெர்வினுக்குப் பத்து. அட்டையைக் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்: மாதேஷ் தன் மூலைக்கு நேராக நடந்து போனான். ஜெர்வினை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். அவன் முட்டி மடங்கி மடங்கி எழுந்தது. கூட்டம் உறுமியது சந்தோஷத்தில் இல்லை, பயத்தில் என்று அப்போது புரிந்தது. அட்டை போய்விட்டது. முடிவைச் சொன்ன பிறகு மாதேஷ் மூன்று ஜட்ஜுக்கும் வந்து கைகொடுத்தான். சற்குணத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "பரவாயில்லைங்க சார்" என்றான். எதற்குப் பரவாயில்லை என்றான்? அவனுக்குத் தெரியுமா, இவர்தான் அந்த மூன்றாவது ஆள் என்று? தெரிந்து சொன்னானா, பழக்கத்தில் சொன்னானா? பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று. வேறு சங்கதி எதுவும் அதிலிருந்து உதிரவில்லை.

தாம்பரத்தில் கூட்டம் அப்பியது. ஒருவர் அக்குள் சற்குணத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கண்ணைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. எதிரே தினா போனில் ஏதோ கட்டம் போட்டு எண்களை நிரப்பிக்கொண்டிருந்தான். உச்சம் தொடங்கிய வருடம், முடிந்த வருடம். கடையில் காலாவதி மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் போடுவது சற்குணத்தின் வேலையில் பாதி. தயாரித்த மாதம், முடியும் மாதம், அட்டையின் ஓரத்தில் அச்சடித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். மனிதன் எந்த ஓரத்தைச் சாய்த்துக் காட்டுவான்? அவருக்கும் ஒரு உச்சம் இருந்தது. இருபத்தாறு வயதில், வேலூரில், மாநிலப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பயிற்சிக் கூடத்தில் தன்னைவிடப் பதினைந்து கிலோ கனமானவனை நாலு முறை, ஒரே பிடியில், ஒரு இறகைப் போல் தூக்கிப் போட்டார். அன்றைக்கு அவரால் யாரையும் போட்டிருக்க முடியும். பார்த்தது கூடத்தைப் பூட்ட வந்த வாட்ச்மேன் ஒருவர். அவரும், சார் நேரமாகுது என்றார். அந்த ஞாயிறு மஞ்சள் காமாலை. போட்டிக்குப் போகவில்லை. அடுத்த வருடம் போனவர் வேறு ஆள். தினாவின் கட்டத்தில் அந்த வியாழக்கிழமைக்கு இடம் இல்லை. சரி, இல்லாமல் போகட்டும், அது யார் கண்ணிலும் படாதது. மாதேஷுடையது அப்படியா? மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த இடத்தில் நடந்தது. பார்ப்பதற்கென்றே கூப்பிட்டு உட்காரவைத்த ஒருவர் நாலடி தூரத்தில் இருந்தார்.

சொல்லிவிடலாம். இதில் என்ன இருக்கிறது? தம்பி, ஒரு நிமிஷம், என்று தொடங்கலாம். தம்பி, நான் அந்தச் சண்டைக்கு ஜட்ஜா இருந்தேன். அப்புறம்? நம்ப மாட்டார்கள். காலை ரயிலில் பக்கத்து ஆள் பேச்சில் மூக்கை நுழைக்கிற பெரியவர்களில் ஒருவர் என்று நினைப்பார்கள். நம்பினால் அதைவிட மோசம். யூடியூபில் போடுவான். பெயரைப் போடுவான். ஜெர்வினுக்குத் தெரியவரும். அவன் இப்போது தூத்துக்குடியில் மூன்று பயிற்சிக் கூடம் நடத்துகிறான், அந்த வெற்றியால்தான் சிங்கப்பூர் போனான், அங்கிருந்துதான் எல்லாம் வந்தது. அவன் என்ன தப்பு செய்தான்? கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் பதினாறுக்கு ஒன்று. அப்படி ஒருமுறை பிடுங்கிப் பார்த்தவர்தான் சற்குணம். அடுத்த வருடம் மதுரையில் ஜெர்வின் தெளிவாக ஜெயித்த ரவுண்டை எதிராளிக்குப் போட்டார், ஏதோ பாக்கியைத் தீர்க்கிற மாதிரி. மற்ற இரண்டு ஜட்ஜும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. ஆனால் அன்று ராத்திரி லாட்ஜில் சட்டையைக் கழற்றாமலேயே படுத்திருந்தார். முதல் தப்பு தெரியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது. இன்னும் சில வருடம் இழுத்துக்கொண்டு போய், முழங்கால் வலி என்று சொல்லி விலகினார். தமயந்திகூட அதை நம்பித் தைலம் வாங்கி வந்தாள். குரோம்பேட்டை போயிற்று, பல்லாவரம் போயிற்று. தொண்டையில் வார்த்தை வந்து நிற்பதும், யாராவது இருமுவதும், அது உள்ளே போவதுமாக இருந்தது. எல்லாம் அந்த ரெஃப்ரியால். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அந்த ஆள் பெயரைக்கூட மறந்துவிட்டார், முதுகு மட்டும் மறக்கவில்லை. எத்தனை நாள் குளிக்கும்போது அந்த முதுகைத் திட்டியிருக்கிறார்.

திரிசூலத்தில் ஷிஃபானா, மாதேஷை நூறு பேர் பட்டியல் போட்டாலும் சேர்க்க முடியாது, அவரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதே என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்துச் சொன்னாள். அதுதான் சற்குணத்துக்குத் தாங்கவில்லை.

"அவர் ஓய்ஞ்சு போகலைம்மா," என்றார். குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவர்கூடத் திரும்பினார். "அன்னிக்கு ஜட்ஜா உக்காந்திருந்த மூணு பேர்ல நானும் ஒருத்தன்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. தினா பெயர் கேட்டான். சொன்னதும் போனில் எதையோ தேடி, பழைய முடிவுத் தாளின் படத்தில் அந்தப் பெயர் இருப்பதைப் பார்த்து, சார் என்றான். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூன்றாவது ரவுண்டின் முடிவு தனக்குத் தெரியவில்லை, ரெஃப்ரி மறைத்துவிட்டார், கூட்டத்தின் சத்தத்தை வைத்துப் போட்டுவிட்டேன் என்று சற்குணம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடமாகச் சொல்லாதது மீனம்பாக்கத்துக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவே இவ்வளவு சின்னதாக வெளியே வந்து விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஷிஃபானா அவரைத் திட்டவில்லை. அந்த வீடியோ இருக்கிறது, லீக்காரர்கள் போன வருடம் பழசையெல்லாம் ஏற்றிவிட்டார்கள், நீங்கள் பார்த்ததில்லையா என்று கேட்டாள். அவர் பார்த்ததில்லை. இருப்பது தெரியும். பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் போனைக் குறுக்காகத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். டேப் சுற்றிய விரல் ஓரத்தில் தெரிந்தது.

கேமரா எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறது. முன்னால் கம்பிவலை, அதில் முதுகு பதிய ஜெர்வின், அவன்மேல் மாதேஷ். நாற்பத்தொரு நொடி மிச்சம் என்று மூலையில் எண் ஓடியது. இவர்களுக்குப் பின்னால் ரெஃப்ரி நின்றார், சரிதான், சற்குணம் சொன்ன இடத்தில்தான் நின்றார், கறுப்புச் சட்டைதான். பார், பார் என்று சற்குணத்தின் மனம் சொன்னது. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்தில் ரெஃப்ரி பிடியைப் பார்க்க இடப்பக்கம் நகர்ந்தார். இரண்டு எட்டு வைத்தார். அவர் விட்ட இடத்தில் கூண்டின் மறுபக்கம் முழுசாகத் தெரிந்தது: மேசை, தண்ணீர் பாட்டில், நீலச் சட்டையில் முடி அடர்ந்த ஒரு ஆள். குறுக்கே ஒன்றும் இல்லை. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். பதினெட்டு. அந்த ஆள் குனிந்து எழுத ஆரம்பித்தார். முன்னால் மாதேஷ் ஒரு கையை விடுவித்துக்கொண்டு முழங்கையால் அடித்தான்; ஒன்று, இன்னொன்று, சின்னச் சின்ன அடி, தச்சர் ஆணி இறக்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், மூன்றாவதில் ஜெர்வினின் வாயிலிருந்த பல்காப்பு தெறித்து விழுந்தது, அவன் முட்டி மடங்கியது. கூட்டம் உறுமியது. நீலச் சட்டை அப்போதுதான் தலையைத் தூக்கியது. மணி அடித்தது.

ரெஃப்ரி திரும்ப அந்த இடத்துக்கு வரவே இல்லை. சற்குணம் அவளிடமிருந்து போனை வாங்கி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தார். மறுபடியும் இருபத்தைந்தில் ரெஃப்ரி நகர்ந்தார், மறுபடியும் பதினெட்டில் அந்த ஆள் குனிந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எங்கேயோ புதைந்து கிடந்தது மேலே வந்தது: அதற்கு முந்தைய சண்டையில் அட்டையைத் தாமதமாகக் கொடுத்ததற்கு மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். என்ன சார், பரீட்சையா எழுதறீங்க என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை வாங்கக் கூடாது என்று, மணி அடித்ததும் அட்டை தயாராக இருக்க வேண்டும் என்று, பதினெட்டு நொடி முன்னாலேயே. இவ்வளவுதான். இதற்குத்தான். ஈர முதுகும் மடிப்பும் எந்த ரவுண்டைச் சேர்ந்தவையோ, அவற்றைக் கொண்டுவந்து இந்த இடத்தில் நிறுத்திவைத்தது யார்?

"ரெஃப்ரி மறைக்கலை," என்று அவர் திரையில் விரலை வைத்தார். "இது நான். குனிஞ்சிட்டேன்."

தினா எட்டிப் பார்த்தான். அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ரெக்கார்டில் அப்படித்தானே சார் இருக்கும், அதை நாம் மாற்ற முடியாதே என்று மரியாதையாகச் சொல்லி, வேண்டுமானால் மாதேஷை ஏழாவதாகப் போடலாம், சர்ச்சைக்குரிய தோல்வி என்று ஒரு குறிப்பும் கொடுக்கலாம் என்றான். ஏழாவது. பரங்கிமலையில் கூட்டம் இறங்கி ஏறியது. சற்குணத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் அது அவன் மேல் போய் நிற்கவில்லை. ஷிஃபானா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தாள். கிண்டியில் இறங்க வேண்டும். கம்பியைப் பிடித்தபடி சற்று யோசித்தாள். அவர் மனசை ஆற்ற நினைத்தாளோ, உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைத்தாளோ, குனிந்து கேட்டாள்:

"உச்சத்துல இருந்த மாதேஷும் உச்சத்துல இருந்த ஜெர்வினும் மோதியிருந்தா யார் சார் ஜெயிச்சிருப்பாங்க?"

"மோதினாங்கம்மா," என்றார் சற்குணம். "ரெண்டு பேரும் மோதி முடிச்சாச்சு. நான்தான் பார்க்கலை."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வண்டி நின்றது, பின்னாலிருந்தவர்கள் தள்ள, தினாவின் பின்னாலேயே இறங்கிப் போனாள். எதிர் இருக்கையில் வேறு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சற்குணம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கறுப்பு முதுகைத் தேடினார். பன்னிரண்டு வருடமாகத் திட்டுவதற்கு அது இருந்தது, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கூப்பிட்டால் வந்தது. இப்போது வரவில்லை. கண்ணுக்குள் இருந்ததெல்லாம் குறுக்கே யாருமில்லாத கூண்டும், அதற்குள் நிதானமாக அடித்துக்கொண்டிருந்த ஒருவனும்தான். சைதாப்பேட்டை வருவதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். மூடியிருக்க முடியவில்லை.